ஃபைலில் எழுதாதீங்க

1

காலை பத்து நாற்பது. நேரம் இத்தனை துல்லியமாகத் தெரிவதற்கு என் நினைவாற்றல் காரணமல்ல. டோக்கன் சீட்டில் அச்சாகியிருக்கிறது. எண் பதினேழு, நேரம் பத்து நாற்பது, அதற்குக் கீழே நீல எழுத்தில் ‘எல்லோருக்கும் ஒரே தரமான கவனிப்பு’. அந்தச் சீட்டு இப்போது இங்கிலாந்தில், டெர்பி நகரத்தில், என் சமையலறை அலமாரியில் டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. ஏன் வைத்திருக்கிறாய் என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். டப்பாவை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தேன்.

ஊட்டியில், மார்க்கெட்டுக்கு மேலே ஏறும் சாலையில் உள்ள ஒரு தனியார் கிளினிக். கண்ணாடிக் கதவு. செருப்பை வெளியே விடச் சொல்லும் பலகை. உள்ளே சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். என் மகள் தாரணி காலை ஆறு மணியிலிருந்து வாந்தி எடுத்து, நிற்க முடியாமல் என் தோளில் சாய்ந்திருந்தாள். அவளுடைய இன்னொரு பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்தவர் என் அண்ணி. இரண்டு நாளுக்கு முன்புதான் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நடந்திருந்தது. அதற்காகத்தான் நானும் தாரணியும் டெர்பியிலிருந்து வந்திருந்தோம்.

கவுண்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே ஒப்பித்தாள்.

“பேருங்க?”

“தாரணி.”

“வயசு?”

“பதினாலு.”

“சுகர், பிரஷர், ஆஸ்துமா, வலிப்பு ஏதாவது இருக்குதுங்களா?”

அண்ணி முந்திக்கொண்டார். “பதினாலு வயசுப் புள்ளைக்குச் சுகரு பிரஷரா? நல்லாக் கேக்கறீங்க போங்க! கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கலை, அவ்வளவுதான். எங்கூட்டுலயே இன்னும் ரெண்டு பேரு வயித்தப் புடிச்சுட்டுப் படுத்திருக்கறாங்க.”

அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “அம்மா நீங்கதானுங்களே? நீங்க சொல்லோணும்.”

“இல்லீங்க” என்றேன்.

தாரணிக்கு ஒன்பது வயதிலிருந்து முதல் வகைச் சர்க்கரை நோய். ஒரு நாளைக்கு நான்கு இன்சுலின் ஊசி. ஒரு நாள் போடாவிட்டால் படுத்துவிடுவாள். அதற்கு மேல் விட்டால் எழுந்திருக்க மாட்டாள். அந்தப் பெண் ஒரு பொத்தானைத் தட்டினாள், காகிதம் வெளியே வந்தது, கையெழுத்துப் போட்டேன்.

2

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். டெர்பியில் ஒரு குடும்ப மருத்துவரின் கிளினிக்கில், பதினோரு வருடமாக, வரவேற்பு மேசையில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன்.

பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரியின் முதல் வரி. காலையில் போன் செய்தபோது கேட்டதையே நேரில் வந்ததும் கேட்க வேண்டும். நான் கேட்டதை நர்ஸ் மறுபடி கேட்பார். நர்ஸ் கேட்டதை டாக்டர் மறுபடி கேட்பார். வாராவாரம் புண்ணுக்குக் கட்டு மாற்ற வரும் ஒரு கிழவர், “போன வாரத்துக்கு அப்புறம் நான் மறுபடியும் பிறக்கவில்லை, அம்மணி” என்பார் ஒவ்வொரு முறையும். ஒவ்வொரு முறையும் நான் சிரித்துவிட்டுப் பிறந்த தேதியைக் கேட்பேன்.

இதையெல்லாம் பல வருடம் போனில் அண்ணனிடம் கிண்டல் செய்திருக்கிறேன். “இந்த ஊர்க்காரங்களுக்கு மறதி வியாதிண்ணா. காலைல கேட்டத மத்தியானம் மறந்துருவாங்க.” நான் வந்த புதிதில் என் அப்பாவின் நோயைப் பற்றி ஒரு நர்ஸ் கேட்டபோது, நம் ஊர் வழக்கப்படி “அப்பாவுக்குச் சுகர் இருந்தது” என்று ஆங்கிலத்தில் சொல்ல, அவர் பேனாவை நிறுத்தி, “டீயிலா?” என்று கேட்டதையும் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவர்களின் படிவம், அவர்களின் வரிசை, அவர்களின் ‘தயவுசெய்து உறுதிப்படுத்தவும்’ எல்லாம் எனக்கு இளக்காரம்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு இளக்காரம் செய்தேன்.

போன வாரம் எங்கள் மேலாளர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்களாம். தாளில் ஒரே கேள்வி: ‘எல்லா நோயாளிகளிடமும் ஒரே கேள்விகளை நாம் ஏன் கேட்கிறோம்? உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுக.’ கீழே நான்கு விரல் அகலத்துக்கு ஒரு கட்டம். என்னுடன் வேலை செய்பவர்கள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே இரண்டு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஊட்டியில் அது நடந்து அன்றைக்குச் சரியாக ஒரு வருடம். என் கட்டம் காலியாகவே இருந்தது. அதில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

3

மறைத்தது எப்படித் தொடங்கியது என்றால், ஒரு போன் அழைப்பில்.

தாரணிக்கு நோய் என்று தெரிந்து மூன்று நாள் டெர்பி மருத்துவமனையில் இருந்தோம். ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதில் சுகர் வந்துவிட்டதாம். “பாவம் அம்மிணி, அதை இனி எவன் கட்டுவான்? பெத்தவங்க தலையெழுத்தப் பாரேன். சரி, எங்கூட்டு மருமக என்ன பண்றா?”

எங்கள் வீட்டு மருமகள் என்று அவர் சொல்வது தாரணியைத்தான். அவருக்கு ஒரு பையன் இருக்கிறான். அது வெறும் வேடிக்கைப் பேச்சு என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தச் சம்பந்தத்தில் எனக்கு எந்த ஆசையும் கிடையாது. ஆனால் அந்தப் ‘பாவம்’ என்கிற சொல் என் மகள் மேல் விழுவதை என்னால் தாங்க முடியாது என்று அன்றைக்குத் தோன்றியது. “எல்லாரும் நல்லா இருக்கோம் அண்ணி” என்றேன். அதையே ஐந்து வருடம் சொன்னேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் என் கணவர் கேட்டார், “இப்பவாவது சொல்லித் தொலையேன்?”

“கல்யாணம் முடியட்டும்” என்றேன். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

என் அண்ணனுக்குக் கேரட் வியாபாரம். வாங்கி, கழுவி, மூட்டை கட்டி லாரியில் மேட்டுப்பாளையத்துக்கு அனுப்புகிறார். வீடு ஊட்டியைத் தாண்டி இத்தலார் போகும் சாலையில் இருக்கிறது. கல்யாண வீட்டில் ஒரே ஒரு பிரிட்ஜ். அதில் தயிர், முட்டை, மல்லிகைப் பூ, மாலை, யாரோ கொண்டு வந்த மீன்கூட இருந்தது. நிமிடத்துக்கு ஒருவர் அதைத் திறந்து ஏதாவது தேடிக்கொண்டிருந்தார்கள். டெர்பியில் எங்கள் பிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்துத் தட்டு தாரணியின் ஊசிப் பேனாக்களுக்கானது. இங்கே அந்தப் பேனாக்களை எந்தத் தட்டில் வைத்தாலும் ஐந்து நிமிடத்தில் அண்ணி கையில் இருக்கும்.

அதனால் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த காரின் பின்பெட்டியில் வைத்தேன். ஊட்டியே ஒரு பிரிட்ஜ்தானே, ஜனவரியில் இதற்குத் தனியாக வேறு பிரிட்ஜ் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதே மலையில் பிறந்து வளர்ந்தவள் நான்.

மறுநாள் விடிந்தபோது முட்டைக்கோஸ் தோட்டம் முழுக்க வெள்ளை. கார் கண்ணாடியில் உறைபனி படிந்து, அண்ணன் ஒரு பழைய பிளாஸ்டிக் மூடியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அழகாக இருந்தது. படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. வெள்ளைப் போர்வை போர்த்திய அந்தக் காரின் பின்பெட்டிக்குள், என் மகளின் மிச்ச நாட்களுக்கான மருந்து முழுவதும் இருக்கிறது. இன்சுலின் ஒருமுறை உறைந்து உருகினால் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். வேலை மட்டும் செய்யாது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் அதைச் சொல்லியிருக்கிறார்கள். நான் படித்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. சர்க்கரையின் அளவைக் காட்டும் ஒரு சிறிய வில்லை தாரணியின் மேல்கையில் ஒட்டியிருக்கும். ரவிக்கைக் கைக்குக் கீழே அது தெரிகிறது என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் அதைக் கழற்ற வைத்தேன். “அம்மா, இது நகையா, வேணும்னா போட, வேணாம்னா கழட்ட?” என்று கேட்டாள். “ரெண்டு நாள்தானே” என்றேன். அவள் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். அவளுக்கு என் மேல் இருந்தது அலட்சியம்.

கல்யாணத்தன்று அவள் கையிலிருந்த பேனா தீர்ந்தது. காரிலிருந்து புதியதை எடுத்துக் கொடுத்தேன்.

4

அண்ணி முதலில் சொன்னது அரசு மருத்துவமனையைத்தான். “ஜிஹெச்சுக்கே போயிரலாம் அம்மிணி, அங்க எந்நேரமும் டாக்டர் இருப்பாங்க.” நான்தான் மறுத்தேன். பத்து வருடம் கிளினிக்கில் வேலை செய்தவள் அல்லவா, எனக்குச் சட்டம் போட்ட சான்றிதழ் வேண்டும். கண்ணாடிக் கதவு வேண்டும்.

அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே டாக்டர் இல்லை. குன்னூரில் அவருக்கு இன்னொரு கிளினிக்காம், வந்துவிடுவாராம். ஒரு கட்டிலில் தாரணியைப் படுக்க வைத்தார்கள். எடை பார்க்க வந்த நர்ஸ் பிந்து, கூடலூர்ப் பக்கத்து மலையாளப் பெண், இருபத்தைந்து வயதிருக்கலாம். காரை நகர்த்தச் சொல்லி வெளியே கூப்பிட்டார்கள் என்று அண்ணி போன சமயத்தில் பிந்துவின் கையைப் பிடித்தேன்.

“சிஸ்டர், இவளுக்கு டைப் ஒன். இன்சுலின் போடறா. டாக்டர்கிட்ட நேரா சொல்லிருங்க. ஃபைலில் எழுதாதீங்க.”

“எழுதாம எப்படி சேச்சி?”

“கூட வந்திருக்காங்களே, அவங்களுக்குத் தெரியாது. ஃபைல் கட்டில்லயே தொங்குது. தயவுசெஞ்சு.”

பிந்து ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதி யூனிஃபார்ம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். “டாக்டர் வந்தா நானே பறஞ்சுடறேன்.”

கட்டிலில் இருந்து தாரணி கண்ணைத் திறக்காமல் சொன்னாள். “அம்மா, எல்லார்கிட்டயும் சொல்லும்மா. நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்.” சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். அது தூக்கம் அல்ல. நான் தூக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

உடம்பு சரியில்லாமல் போனால் முதல் வேலையாக ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பது டெர்பி வீட்டில் எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் விதி. சோதிக்கிற மீட்டர் பெரிய பெட்டியில், துணிகளுக்கு அடியில், பூட்டிக் கிடந்தது. காலையில் அதை எடுக்கப் போனேன். அறை நிறைய உறவுக்காரர்கள். அண்ணி தாரணியின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கு வயிறு சரியில்லை, இதுவும் அதுதான் என்று நினைக்க எனக்கு வசதியாக இருந்தது.

அந்தக் கிளினிக்கில் ஒருவராவது ஒரு விரலைக் குத்திப் பார்த்திருக்கலாம். ஒரு சொட்டு ரத்தம். அரை நிமிடம். குத்தவில்லை. அவர்களுடைய தரம் சுவரில் இருந்தது. கைகழுவும் இடத்துக்கு மேலே கைகழுவுவதை விளக்கி ஆறு படம் இருந்தது, குழாயில் தண்ணீர் இல்லை. கருத்தைப் போட ஒரு பெட்டி இருந்தது, பூட்டு துருப்பிடித்திருந்தது. பன்னிரண்டு மணிக்கு டாக்டர் போனில் சொன்னார், பிந்து அல்லாத வேறொரு நர்ஸ் எழுதிக்கொண்டாள். வாந்திக்கு ஓர் ஊசி, பிறகு டிரிப்ஸ். நோயாளியைப் பார்க்காத டாக்டருக்கும் டிரிப்ஸைத் தெரியும். நம் ஊரில் டிரிப்ஸ் ஏற்றாவிட்டால் வைத்தியமே நடக்கவில்லை என்றுதானே நினைப்போம்.

ஒரு மணிக்கு ஆள் மாறினார்கள். பிந்து சுவெட்டர் போட்டுக்கொண்டு கூடலூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். சீட்டும் அவளோடு ஓடியது. அடுத்து வந்த நர்ஸ் டிரிப்ஸ் மாட்டிவிட்டு, கட்டிலில் தொங்கிய ஃபைலில் வேகமாக எழுதினாள். அவள் போனதும் எடுத்துப் பார்த்தேன். மணி அப்போது ஒன்று இருபது. ‘1.30 நோயாளி நலம். 2.00 நோயாளி நலம். 2.30 நோயாளி நலம். 3.00 நோயாளி நலம்.’ என் மகளுடைய மத்தியானம் முழுவதையும் முன்கூட்டியே நலமாக்கி வைத்திருந்தாள்.

5

ஃபைலைத் திரும்ப மாட்டியபோதுதான் பாட்டிலின் எழுத்தைப் படித்தேன். உப்புநீர் என்று நினைத்திருந்தேன். அது குளுக்கோஸ் கலந்தது.

இனி நான் எழுதப்போவதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை தலைக்கு மேல் போயிருக்கும் என் குழந்தையின் கைக்குள், சொட்டுச் சொட்டாக இன்னும் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது. அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கட்டிலின் அந்தப் பக்கத்து நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருக்கிறார். நான் கத்தவில்லை.

“அண்ணி, ஒரு டீ கிடைச்சாத் தேவலை” என்றேன்.

“இப்பத்தான குடிச்ச?”

“தலை வலிக்குதுங்க அண்ணி.”

“வலிக்காம என்ன பண்ணும், காலைலருந்து ஒண்ணுந் திங்காம.” அண்ணி எழுந்தார். பர்ஸைத் தேடினார். பிளாஸ்க்கை எடுத்து மிச்சமிருந்த வெந்நீரை வாஷ் பேசினில் ஊற்றினார். “சக்கரை போட்டா, போடாமயா?”

“போட்டே வாங்கிட்டு வாங்க.”

கதவு வரை போனவர் போனை மறந்துவிட்டதாகத் திரும்பி வந்தார். தலையணைக்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்தார். தாரணியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “மூச்சு ஏனோ பெருசு பெருசா வாங்கறா, பாரு” என்றார். பிறகு போனார். சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் போயிருந்தது. அந்த நான்கு நிமிடமும் பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவு சாத்தியதும் நர்ஸிடம் ஓடினேன்.

“சிஸ்டர், அது குளுக்கோஸ். என் மகளுக்குச் சுகர். உடனே நிறுத்துங்க.”

“யாருக்குங்க சுகரு?” ஃபைலைப் புரட்டினாள். “இல்லைன்னுதானே போட்டிருக்குது. இது உங்க கையெழுத்துத்தானுங்களே?”

“காலைல இருந்த சிஸ்டர்கிட்ட சொல்லியிருக்கேன்.”

“பிந்துவா? அவ ஒண்ணுஞ் சொல்லலைங்களே. டாக்டர் எழுதினத நான் எப்படிங்க நிறுத்தறது? எங்களுக்கு ரூல்ஸ் இருக்குது.”

“ஒரு விரலாவது குத்திப் பாருங்க!”

“அதுக்கும் டாக்டர் எழுதோணுமுங்க.”

நான் கட்டிலுக்குப் போய், குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தை உருட்டி அடைத்தேன். சொட்டு நின்றது. நர்ஸ் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏனுங்க, என்ன பண்றீங்க! பாத்தாப் படிச்சவங்களாட்டம் இருக்கறீங்க!”

“அஞ்சு வருசமா சுகர் இவளுக்கு!” என்று கத்தினேன். “ஒரு நாளைக்கு நாலு இன்சுலின்! ஒன்பது வயசுலருந்து! கேக்குதா உங்களுக்கு? நாலு ஊசி!”

நர்ஸ் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள். கதவருகே அண்ணி பிளாஸ்க்குடன் நின்றிருந்தார்.

எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. பிளாஸ்க்கைத் தரையில் வைத்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தாரணியின் கால் பக்கம் போய், “தூக்கு” என்றார் என்னிடம். அவர் கால்களையும் நான் தோள்களையும் பிடித்துத் தூக்கினோம். நர்ஸ் ஊசியைக் கழற்றிக்கொண்டே, சொந்தப் பொறுப்பில் போவதாக ஒரு கையெழுத்து வேண்டும் என்றாள். அந்த நிலையிலும் கேட்டாள், அந்த நிலையிலும் போட்டேன். கையெழுத்துப் போடுவதில் நான் எப்போதும் சோடை போனதில்லை.

6

அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு நர்ஸ் ஐம்பது வயதுப் பெண்மணி. நான் மூச்சு வாங்கிக்கொண்டு, “சிஸ்டர், இவளுக்கு...” என்று தொடங்கினேன்.

“இருங்க, அப்புறஞ் சொல்லுவீங்க. கண்ணு, வெரலக் குடு.” குத்திவிட்டார். மீட்டரில் எண்ணே வரவில்லை. எண்களின் எல்லையைத் தாண்டிப் போயிருந்தது. “டாக்டரே!” என்று ஒரே ஒரு குரல் கொடுத்தார். இரண்டு பேர் ஓடி வந்தார்கள். உப்புநீர் ஒரு கையில், இன்சுலின் ஒரு கையில். எல்லாம் நான் என் வாக்கியத்தை முடிப்பதற்குள்.

பிறகு அவரிடம் கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று.

“ஒண்ணுந் தெரியாதுங்க. வாந்தி, மயக்கம்னு யாரு வந்தாலும் இங்க மொதல்ல வெரலு. கலெக்டர் வந்தாலும் வெரலு. அப்புறந்தான் பேச்சு.”

அங்கே சுவரில் காரை பெயர்ந்திருந்தது. சான்றிதழ் எதுவும் கண்ணில் படவில்லை.

மேலாளரின் கட்டத்தில் நான் எழுதியிருக்க வேண்டியது இதுதான். நோயாளிகள் மறப்பார்கள் என்பதற்காக அல்ல, அவர்கள் பொய் சொல்வார்கள் என்பதற்காகத்தான் எல்லோரிடமும் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கேட்கிறோம், திரும்பத் திரும்பச் சோதிக்கிறோம். படித்த தாய், நல்ல புடவை கட்டிய தாய், கிளினிக்கிலேயே வேலை செய்கிற தாய், கவுண்ட்டரில் நின்று ‘இல்லீங்க’ என்பாள் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டதுதான் நல்ல விதி. என்னை நம்பாத ஓர் இடத்தில்தான் என் மகள் பிழைத்தாள்.

டெர்பிக்குத் திரும்பியதும் அந்தத் தனியார் கிளினிக்குக்கு ஐந்து பக்கத்தில் புகார் எழுதினேன். முன்கூட்டியே எழுதிய ‘நோயாளி நலம்’, போனில் பார்த்த வைத்தியம், எல்லாம். இரண்டு வரியில் பதில் வந்தது. தங்கள் தரமுறைகள் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டனவாம். இணைப்பு: என் கையெழுத்துள்ள படிவத்தின் நகல். சுகர் என்ற சொல்லுக்கு எதிரே ‘இல்லை’. அவர்களை நான் இன்றும் வெறுக்கிறேன். அந்த நகல் பொய்யல்ல என்பதற்காக இன்னும் அதிகமாக வெறுக்கிறேன்.

பிந்து அதற்கு முன்பே, ஊட்டியில் இருந்தபோதே, மறுநாள் என் எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் செய்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நினைவு வந்ததாம், கிளினிக்குக்குப் போன் செய்தால் யாரும் எடுக்கவில்லையாம். அழுதாள். நன்றாகத் திட்டிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். “எழுதண்டான்னு பறஞ்சது சேச்சிதானே” என்றாள்.

தாரணிக்கு இப்போது பதினைந்து. விருந்தாளிகள் இருந்தாலும் சாப்பாட்டு மேசையிலேயே சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறாள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று. கையில் வில்லையை வெளியே தெரிகிற இடமாகப் பார்த்து ஒட்டுகிறாள். என்னோடு தமிழில் பேசுவது குறைந்துவிட்டது. போன மாதம் அவளுடைய நீரிழிவு நர்ஸைப் பார்க்கப் போனோம். கதவருகில் அவள் திரும்பி, “அம்மா, நீ வெளியே இரு” என்றாள். “நான் உண்மைய சொல்லப் போறேன். நீ இருந்தா கஷ்டம்.” வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் நோயாளிகளின் உரிமைகள் என்று ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. தாய்மாரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

7

ஊட்டி ஆஸ்பத்திரியில் முதல் நாள் சாயங்காலமே அபாயம் தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணி அதுவரை வார்டு வாசலில் நின்றிருந்தார். சொன்னதைக் கேட்டதும், திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார். அண்ணன் வந்து, “ஏம்மிணி” என்று மட்டும் சொன்னார். அவரும் போய்விட்டார். வீட்டில் இன்னும் கல்யாணத்துக்கு வந்தவர்கள் இருந்தார்கள். இந்நேரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் ‘பாவம்’ எத்தனை வாய்களிலிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, அப்போதும் அதைத்தான் நினைத்தேன்.

மறுநாள் தாரணி எழுந்து உட்கார்ந்தாள். காலையிலேயே அக்கம்பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரிடமும் தன் அரைகுறைத் தமிழில் தனக்கு என்ன நோய் என்று சொல்லி முடித்திருந்தாள். வெயில் வந்தது. பதினொரு மணி இருக்கும். வார்டின் அந்தக் கோடியில் அண்ணி வருவது தெரிந்தது. கையில் டிபன் கேரியர். நான் எழுந்து நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை ஊசி கண்ணு?”

“நாலு, அத்தை.”

“வலிக்குமா?”

“பழகிருச்சு.”

“இந்த இட்டிலி திங்கலாமா, இல்ல இதுக்கும் ஏதாச்சும் கணக்கு இருக்குதா?”

“திங்கலாம். எத்தனைன்னு எண்ணிட்டு ஊசி போடணும்.”

“எண்ணு.” கேரியரைத் திறந்து கொடுத்தார். அவள் எண்ணுவதைப் பார்த்தபடியே சொன்னார், “பிரிட்ஜில மேல்தட்டக் காலி பண்ணிட்டேன். முட்டை, தயிரு, உங்கக்கா மாலை, அந்தப் பாழாப்போன மீனு, எல்லாத்தையும் எடுத்து வெளிய போட்டாச்சு. ஊட்டுக்கு வந்ததும் உன்ற மருந்த அங்க வெச்சுக்கோ. எவனாச்சும் தொட்டான்னா கையை ஒடிச்சுப் போடுவேன்னு சொல்லியிருக்கறேன்.”

பிறகுதான், முந்தின நாள் மத்தியானத்துக்குப் பின் முதல்முறையாக, என் பக்கம் திரும்பினார்.

“புள்ளை மருந்துக்கு எடம் ஆச்சு. உன்னைய எங்க வெக்கறதுன்னுதான் எனக்கு இன்னும் தெரியலை, அம்மிணி.”